நகைக்கடையில வாட்ச் சர்வீஸுக்குக் குடுக்கப் போறீங்களா, குடுக்குறதுக்கு முன்னாடியும் வாங்குனதுக்கு அப்புறமும் செய்ய வேண்டியது

எங்க அப்பாகிட்ட ஒரு சீக்கோ 5 இருக்கு. 2001ல சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்ப கொண்டு வந்து குடுத்தது, செல் கிடையாது, கையில கட்டி நடமாடுனாலே தானா சாவி ஏறிக்கிற ஆட்டோமேட்டிக். போன வருஷம் அது ராத்திரி கழட்டி வச்சா காலைல நின்னு போக ஆரம்பிச்சுது, நானும் எங்க ஊரு கடைவீதியில நாங்க மூணு தலைமுறையா நகை வாங்குற கடையிலயே குடுத்துட்டேன், ஏன்னா அங்க வாட்ச் செக்‌ஷனும் இருக்கு, எங்கம்மா தாலிச்செயின்ல இருந்து என் தோடு வரைக்கும் எல்லாம் அங்க எடுத்தது, தெரிஞ்சவங்கன்னு ஒரு நம்பிக்கை. மூணு வாரம்னாங்க. ரெண்டரை மாசம் ஆச்சு. 3,800 ரூபா வாங்குனாங்க. வந்த வாட்ச் நாளைக்கு நாலு நிமிஷம் லேட்டா ஓடுச்சு, கண்ணாடிக்கு உள்ள ஒரு தூசி, எல்லாத்தையும் விட பெரிசு என்னன்னா கேஸோட (மெஷின மூடியிருக்க வெளிக்கூடு) ஓரமெல்லாம் பாலிஷ்ல வழிச்சு சோப்புக்கட்டி மாதிரி உருண்டையா ஆயிருந்துச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, வாங்கி கையில கட்டிப் பாத்துட்டு கழட்டி பீரோல வச்சுட்டார். அதுதான் எனக்கு தாங்கல.

அதுக்கப்புறம் இத சரி பண்ண நான் அலைஞ்சதுல கத்துக்கிட்டத, முதல் தடவையா நல்ல வாட்ச் ஒண்ண சர்வீஸுக்குக் குடுக்கப் போறவங்களுக்காக வரிசையா எழுதுறேன். ஒருவேளை ஏற்கனவே குடுத்து ஏமாந்து போயிருந்தீங்கன்னா கீழ ‘வாங்கும்போது’ங்கிற இடத்துல இருந்து படிங்க.

முதல் படி: யார் தொறக்கப் போறாங்கன்னு கேளுங்க

இதுதான் எல்லாத்துலயும் முக்கியம், நான் கேக்காம விட்டதும் இதுதான். பெரும்பாலான நகைக்கடையில வாட்ச் வாங்கி வைக்கிற கவுண்டர் தான் இருக்கும், ரிப்பேர் பெஞ்சு இருக்காது. கவுண்டர்ல இருக்க தம்பி வாங்கி கவர்ல போட்டு வைப்பாரு, வாரத்துக்கு ஒருநாள் யாரோ வந்து எடுத்துட்டு போவாங்க, அது வெளியில ஒரு மெக்கானிக்கிட்ட போகும், சில சமயம் அவர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்டயும் போகும். நீங்க கவுண்டர்ல சொன்ன ஒரு வார்த்தை கூட அந்த பெஞ்சுக்கு போய் சேராது, கவர் மேல எழுதுனது மட்டும் தான் போகும். எங்க அப்பா வாட்ச் கவர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னா ‘வாட்ச் 1, சர்வீஸ்’. அவ்ளோதான். ‘பாலிஷ் வேணாம்’னு நான் வாயால சொன்னது அந்த கவுண்டரோட நின்னு போச்சு.

அதனால நேரா கேளுங்க. அண்ணே, இங்கயே பாக்குறீங்களா வெளிய அனுப்புறீங்களா, பாக்குறவர் யாரு, நான் ஒரு தடவ அவர்கிட்ட பேசலாமா. வெளிய அனுப்புறது தப்பு கிடையாது, நல்ல மெக்கானிக்குங்க நிறைய பேர் இப்படித்தான் நாலஞ்சு கடைக்கு வேலை செய்றாங்க. ஆனா கேட்டதும் மழுப்புனா, ‘அதெல்லாம் எங்க பொறுப்பு மேடம் நீங்க விட்டுட்டு போங்க’ன்னா, வாட்ச கையில எடுத்துக்கிட்டு வெளிய வந்துருங்க.

வாரண்டி இன்னும் முடியாத வாட்சுன்னா இந்த யோசனையே வேணாம், அந்த பிராண்டோட சர்வீஸ் சென்டருக்குத்தான் போகணும், வெளியாள் பின்மூடிய தொறந்தா வாரண்டி போயிரும். டைட்டன் மாதிரி நம்ம ஓசூர்லயே ஃபேக்டரி வச்சிருக்க கம்பெனின்னா சர்வீஸ் சென்டர் கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. எச்எம்டி மாதிரி மூடிப்போன கம்பெனியோட வாட்சுன்னா (2016ல அரசாங்கமே மூட முடிவெடுத்துச்சு) பழைய கை பழகுன மெக்கானிக்தான் வழி, ஸ்பேரும் அவங்ககிட்டதான் இருக்கும்.

ரெண்டாவது: வீட்டுலயே போட்டோ எடுத்துட்டு கிளம்புங்க

பகல் வெளிச்சத்துல, ஜன்னல் பக்கத்துல வச்சு எடுங்க. டயல், கண்ணாடி, நாலு பக்க ஓரம், சாவி திருகுற கிரவுன், பின்மூடி, செயின் கொக்கி. ஏற்கனவே கீறல் இருக்க இடத்தையும் எடுங்க, அத மறைக்காதீங்க, உங்க பக்கம் நேர்மையா இருந்தாதான் பின்னாடி பேச முடியும். பின்மூடியில இருக்க நம்பர் தெளிவா விழணும். சீக்கோவுல ரெண்டு நம்பர் இருக்கும், ஒண்ணு மெஷின் மாடல், எங்க அப்பாவோடதுல 7எஸ்26னு ஆரம்பிக்கும், இன்னொண்ணு ஆறு இலக்க சீரியல், அதுல முதல் எண் தயாரிச்ச வருஷத்தோட கடைசி எண், ரெண்டாவது மாசம். இந்த நம்பர ஏன் சொல்றேன்னா, 7எஸ்26 மாதிரி மெஷின பிரிச்சு சுத்தம் பண்றத விட புது மெஷினே மாத்திடறது சில மெக்கானிக்குக்கு சுலபம், விலையும் பெரிய வித்தியாசம் இருக்காது. மாத்துறது பாவம்னு சொல்லல, உங்ககிட்ட கேட்டுட்டு மாத்தணும். 7எஸ்26ல கிரவுன திருகி சாவி குடுக்க முடியாது, கிரவுன இழுத்தா செகண்ட் முள்ளும் நிக்காது, திரும்பி வந்த வாட்ச்ல கிரவுன்ல சாவி ஏறுச்சு, இழுத்தா முள்ளும் நின்னுச்சுன்னா உள்ள வேற மெஷின் இருக்குன்னு அர்த்தம்.

ஸ்ட்ராப்போ செயினோ கழட்ட முடிஞ்சா கழட்டி வீட்டுல வச்சுட்டு தலைய மட்டும் குடுங்க. முடியலன்னா செயின்ல எத்தன கண்ணி இருக்குன்னு எண்ணி வச்சுக்கோங்க.

தங்க வாட்ச், இல்ல தங்க செயின் வச்ச வாட்சுன்னா எடை போடச் சொல்லுங்க. மூக்குத்தி ரிப்பேருக்குக் குடுத்தா கூட மில்லிகிராம் வரைக்கும் எடை போட்டு எழுதித் தர்ற கடை, தங்க வாட்ச வாங்கும்போது எடை போடாம வாங்குறத நான் கண்ணால பாத்துருக்கேன். தராசு அங்கயே தான் இருக்கு. கேக்குறதுக்கு கூச்சப்படாதீங்க.

மூணாவது: சீட்டுல என்ன எழுத வைக்கணும்

டோக்கன் நம்பர் மட்டும் போட்ட சின்ன அட்டைய வாங்கிட்டு வராதீங்க. கடை சீல் போட்ட சீட்டுல இதெல்லாம் இருக்கணும்: பிராண்டு, மாடல், சீரியல் நம்பர், இப்ப என்ன கம்ப்ளெயின்ட், என்ன வேலை செய்யப் போறாங்க, தோராய செலவு, தர்ற தேதி, வேலைக்கு எத்தன மாசம் வாரண்டி. அதுக்குக் கீழ இந்த நாலு வரிய எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா நீங்களே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து வாங்குங்க, இல்ல அங்கயே நின்னு கடை வாட்ஸ்அப் நம்பருக்கு போட்டோவோட அனுப்பிட்டு ‘சரி’ன்னு பதில் வந்தப்புறம் கிளம்புங்க.

கேஸ் பாலிஷ் போட வேண்டாம்.
டயல், முள் எதையும் பெயின்ட் செய்யவோ மாற்றவோ வேண்டாம்.
சொன்ன தொகைக்கு மேல் போனால் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.
மாற்றிய பழைய பாகங்களை என்னிடம் திருப்பித் தர வேண்டும்.

பாலிஷ முதல்ல வச்சதுக்கு காரணம் இருக்கு. நகைக்காரங்களுக்கு பளபளன்னு இருக்கறது தான் வேலை முடிஞ்சதுக்கு அடையாளம், பழைய வளையல மெருகு போட்டு தந்தா நாமளும் சந்தோஷமா வாங்கிப்போம்ல, அதே கண்ணோட வாட்சையும் பாக்குறாங்க, நல்லது பண்றதா நெனச்சு தான் பண்றாங்க. ஆனா வாட்ச் கேஸ்ல கூரான ஓரம், கோடு கோடா இருக்க பிரஷ் ஃபினிஷ், இதெல்லாம் தேச்சா போனது போனதுதான், உலோகம் திரும்ப வளராது. கோல்ட் பிளேட்டிங் வாட்ச்னா இன்னும் மோசம், ஒரு தடவ வீல்ல வச்சு தேச்சா ஓரத்துல பித்தளை எட்டிப் பாக்கும். டயல் பெயின்டும் அப்படித்தான், பழைய எச்எம்டிங்கள புதுசா பெயின்ட் அடிச்சு விக்கிறது ஒரு தொழிலாவே நடக்குது, வாட்ச் சேக்குறவங்க அத ரீடயல்னு சொல்லி விலைய பாதியா கொறச்சிருவாங்க.

சர்வீஸ்னா என்ன செய்யணும்

இது தெரிஞ்சா தான் 3,800க்கு வேலை நடந்துச்சா இல்லியான்னு கேக்க முடியும். செல் வாட்ச்ல பெரும்பாலும் செல் மாத்துறது, ரப்பர் வாஷர் பாக்குறதோட முடிஞ்சிரும். செகண்ட் முள்ளு ரெண்டு ரெண்டு செகண்டா தாவுனா நெறைய வாட்சுல அது செல் தீரப்போற அறிகுறி, அதுக்கு ‘மெஷின் போச்சு’ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

சாவி வாட்ச், ஆட்டோமேட்டிக் வேற கதை. மெஷின முழுசா பிரிக்கணும், ஒவ்வொரு சக்கரமும் தனியா, அத சுத்தம் பண்ற திரவத்துல அல்ட்ராசானிக் மெஷின்ல போடணும், லென்ஸ்ல தேய்மானம் பாக்கணும், திரும்ப கோத்துக்கிட்டே வரும்போது ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி ஆயில் வைக்கணும், மெதுவா பலமா சுத்துற இடத்துக்கு கெட்டி ஆயில், முன்னும் பின்னும் வேகமா ஆடுற பேலன்ஸ் சக்கரத்துக்கு மெல்லிசு ஆயில், அதுவும் ஊசி முனையில ஒட்டுற அளவு தான். அப்புறம் டைம்கிராஃபர்னு ஒரு கருவி, வாட்ச மைக் மேல வச்சா டிக் டிக் சத்தத்த கேட்டு நாளைக்கு எத்தன செகண்ட் முன்னபின்ன ஓடுதுன்னு காட்டும், பேலன்ஸ் எத்தன டிகிரி ஆடுதுன்னும் காட்டும். நல்லா சர்வீஸ் ஆன வாட்ச படுக்க வச்சா பொதுவா 250க்கு மேல ஆடணும், 200க்கு கீழ இருந்தா எங்கயோ பிரச்சன. கடைசியா பின்மூடி வாஷர் மாத்தி தண்ணி டெஸ்ட்.

அந்த டைம்கிராஃபர் ஸ்கிரீன ஒரு போட்டோ எடுத்து தாங்கன்னு குடுக்கும்போதே கேட்டுருங்க. ஒழுங்கா வேலை பண்றவருக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, பெருமையா காட்டுவாரு. அந்தக் கருவியே இல்லன்னா பெரிய வாட்ச அங்க குடுக்காதீங்க.

வாங்கும்போது கவுண்டர்லயே பத்து நிமிஷம்

பணம் குடுக்குறதுக்கு முன்னாடி. கூட்டமா இருக்கும், பின்னாடி ஆள் நிப்பாங்க, பரவால்ல.

போன் டார்ச்ச சாய்வா பிடிச்சு கண்ணாடிக்கு உள்ள பாருங்க, தூசி, ரேகை, முடி ஏதாவது தெரியுதான்னு. பின்மூடி ஓரத்துல புதுசா கீறல் இருக்கான்னு பாருங்க, மூடி தொறக்குற சரியான கருவி போடாம எதையோ வச்சு நெம்புனா அங்க தான் தெரியும். நம்பர போட்டோவோட ஒத்துப் பாருங்க. முள்ள முன்னோக்கி மட்டும் சுத்தி பன்னெண்டுக்கு கொண்டு வாங்க, ரெண்டு முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரணும், தேதி பன்னெண்ட ஒட்டி மாறணும், பன்னெண்ட விட்டு ரொம்ப தள்ளி மாறுனா முள்ள தப்பா மாட்டியிருக்காங்க. கிழமை கொஞ்சம் லேட்டா மாறுறது சகஜம், சீக்கோ 5ல ராத்திரி ரெண்டு மூணு மணி வரைக்கும் மெதுவா நகரும், அதுக்காக சண்ட போடாதீங்க. இன்னொண்ணு, முள்ளு ராத்திரி ஒன்பதுல இருந்து விடிகாலை நாலுக்குள்ள நிக்கிறப்ப கிரவுன பாதி இழுத்து தேதிய வேகமா மாத்தாதீங்க, அந்த நேரத்துல தேதி சக்கரத்தோட பல்லு மாட்டிக்கிட்டு இருக்கும், உடைஞ்சா அந்த பழி உங்க மேல தான் வரும்.

பழைய பாகத்த கேளுங்க. பில்ல கேளுங்க. பில்லுல ‘சர்வீஸ்’னு ஒத்த வார்த்த இல்லாம என்னென்ன செஞ்சாங்கன்னு இருக்கணும். பில் தராம இருக்கறதே 2019ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிக நடைமுறைன்னு சொல்லியிருக்கு, அதனால கேக்குறது உங்க உரிமை. பணம் யூபிஐல குடுங்க, அதுவும் ஒரு சாட்சி.

குறை ஏதாவது கண்ணுல பட்டா அங்கயே பில் மேல எழுத வைங்க. ‘வாங்கும்போது கண்ணாடிக்குள் தூசி இருந்தது’ன்னு ஒரு வரி, தேதி, கையெழுத்து. வேலை முடிஞ்சா அந்த வேலைக்கான கூலி வர்ற வரைக்கும் பொருள தராம வச்சுக்கற உரிமை கடைக்காரருக்கு சட்டத்துலயே இருக்கு, அதனால பணம் தரமாட்டேன்னு வாட்ச புடுங்குற சண்டைக்கு போகாதீங்க, குறைய எழுதி வாங்கிட்டு பணத்த கட்டிட்டு வாட்ச எடுத்துட்டு வாங்க.

வீட்டுல ஏழு நாள்

தினமும் ஒரே நேரத்துல போன் டைமோட ஒப்பிட்டு எத்தன செகண்ட் வித்தியாசம்னு எழுதுங்க. நாளைக்கு குறைஞ்சது எட்டு மணி நேரமாவது கையில இருக்கணும், ஆட்டோமேட்டிக் கட்டாம வச்சா நிக்கத்தான் செய்யும்.

இங்க கொஞ்சம் நியாயமா பேசணும். சாவி வாட்ச் செல் வாட்ச் மாதிரி ஓடாது. 7எஸ்26க்கு கம்பெனியே சொல்ற அளவு நாளைக்கு 20 செகண்ட் லேட்ல இருந்து 40 செகண்ட் ஃபாஸ்ட் வரைக்கும். ஒரு நாளைக்கு 86,400 செகண்ட், அதுல 40னா ரெண்டாயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. துல்லியத்துக்குன்னு ஸ்விஸ் க்ரோனோமீட்டர் சர்டிஃபிகேட் வாங்குற மெஷினுக்கே நாளைக்கு சராசரி 4 செகண்ட் லேட், 6 செகண்ட் ஃபாஸ்ட்னு தான் எல்ல வச்சிருக்காங்க. அதனால எங்க அப்பா வாட்ச் மாதிரி ஒண்ணு 15 செகண்ட் முன்ன போகுதுன்னு கடைக்கு போய் கத்துனா தப்பு நம்ம மேல தான்.

ஆனா நாலு நிமிஷம் அப்படி இல்ல. சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் நிமிஷக்கணக்குல லேட்டுன்னா பெரும்பாலும் அழுக்கோ பழைய ஆயிலோ உள்ளயே இருக்கு, பேலன்ஸ் சரியா ஆடல. நிமிஷக்கணக்குல ஃபாஸ்ட்னா முதல்ல காந்தம்னு சந்தேகப்படுங்க, உள்ள இருக்க மெல்லிசு ஸ்பிரிங்கோட சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா வேகமா ஓடும், ஸ்பீக்கர் பக்கம், ஹேண்ட்பேக் காந்த பட்டன் பக்கம் வச்சாலே ஏறிரும். சின்ன காம்பஸ் பக்கத்துல வாட்ச நகத்திப் பாருங்க, ஊசி நல்லா ஆடுச்சுன்னா காந்தம் ஏறியிருக்கு. இது சர்வீஸ் பண்ணவர் தப்பா இருக்கணும்னு இல்ல, காந்தம் எடுக்குறது ஒரு நிமிஷ வேலை, சண்டை இல்லாமயே கேட்டா செஞ்சு தருவாங்க.

கண்ணாடிக்குள்ள ஆவி பிடிச்சா ஒருநாள் கூட காத்திருக்காதீங்க, அன்னைக்கே கொண்டு போங்க. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர்’னு இருந்தா கை கழுவுறப்ப தெறிக்கிற தண்ணிக்குத்தான் அது, அத கட்டிக்கிட்டு கிணத்துல குதிச்சிட்டு கடைய குத்தம் சொல்ல முடியாது.

திருப்தி இல்லன்னா: இந்த வரிசைய மாத்தாதீங்க

நான் செஞ்ச பெரிய தப்பு இங்க தான். கோவத்துல நேரா தஞ்சாவூர்ல ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போய் தொறக்க வச்சுட்டேன். அவர் தொறந்து லென்ஸ்ல எனக்கே காட்டுனார், சக்கரத்து ஓரத்துல பழைய ஆயில் காஞ்சு பிசின் மாதிரி ஒட்டியிருந்துச்சு, மெஷின பிரிக்காம அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கும்மான்னார். ஆனா அத கொண்டு போய் கடையில சொன்னப்ப அவங்க சொன்ன முதல் வார்த்த, ‘வேற ஆள் கை வச்சுட்டாங்களே மேடம், இனி நாங்க எப்படி பொறுப்பாக முடியும்’. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதனால முதல்ல அதே கடைக்கு போங்க. ஏழு நாள் கணக்கு எழுதுன பேப்பர், பழைய போட்டோ, பில் மூணையும் வச்சு அமைதியா பேசுங்க. கவுண்டர் தம்பிய திட்டி பிரயோஜனம் இல்ல, அவர் வாட்ச தொறக்கவே இல்ல. மேனேஜரையோ ஓனரையோ பாருங்க. என்ன வேணும்னு தெளிவா சொல்லுங்க: காசில்லாம மறுபடி சர்வீஸ், இல்ல பணம் திருப்பி, இல்ல வேற இடத்துல சரி பண்ற செலவு. ‘நியாயமா ஏதாவது பண்ணுங்க’ன்னு விட்டா ஒண்ணும் நடக்காது. மறுபடி உள்ள வாங்குனா புது சீட்டு, புது தேதி, மெக்கானிக்கோட நேர்ல பேச்சு.

ரெண்டு தடவ போயும் வேலைக்கு ஆகலன்னா எழுத்துல குடுங்க. வாட்ஸ்அப், ஈமெயில், கூடவே ஸ்பீட் போஸ்ட். நான் அனுப்புனத கொஞ்சம் சரி பண்ணி தர்றேன், பேர் தேதி மாத்திக்கோங்க:

‘ஐயா, கடந்த ____ தேதியன்று ____ எண் ரசீதின்படி எனது ____ கைக்கடிகாரத்தைத் தங்கள் கடையில் சர்வீஸுக்குக் கொடுத்து ____ ரூபாய் செலுத்தினேன். ____ தேதி திரும்பப் பெற்றபோது கீழ்க்கண்ட குறைகள் இருந்தன: ____. கொடுப்பதற்கு முன் எடுத்த படங்களையும் திரும்பப் பெற்ற பின் எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டணமின்றிக் குறைகளைச் சரிசெய்து தரவோ, செலுத்திய தொகையைத் திருப்பித் தரவோ வேண்டுகிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக நேரிடும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’

இவ்ளோ போதும். கெட்ட வார்த்தையோ மிரட்டலோ ஒண்ணு கூட இருக்கக் கூடாது, நாளைக்கு இத வேற ஒருத்தர் படிப்பாங்க.

சீட்டுக்குப் பின்னாடி ‘சேதத்திற்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ன்னு அச்சடிச்சிருக்கும், அத காட்டுவாங்க. அத பாத்து பின்வாங்காதீங்க. ரிப்பேருக்கு வாங்குன பொருள, ஒரு சராசரி ஆள் தன் சொந்தப் பொருள எப்படி பத்திரமா பாப்பாரோ அப்படி பாக்கணும்னு 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்துலயே 151வது பிரிவு இருக்கு.

15 நாள் ஆகியும் பதில் இல்லன்னா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். புகார் நம்பர் ஒண்ணு தருவாங்க, அவங்க கடைய தொடர்பு கொண்டு பேசி முடிக்கப் பாப்பாங்க, தீர்ப்பு சொல்ற அதிகாரம் அவங்களுக்கு இல்ல. அதுக்கு மேல மாவட்ட ஆணையம். வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்களே வாதாடலாம். நீங்க குடுத்த தொகை 5 லட்சம் ரூபா வரைக்கும்னா ஃபைலிங் ஃபீஸ் கிடையாது. கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்க மாவட்டத்துலயே போடலாம். பிரச்சன நடந்த நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். இப்ப இ-ஜாக்ரிதின்னு சைட்டுல ஆன்லைன்லயே ஃபைல் பண்ணலாம்.

ஆணையம் வரைக்கும் போகணும்னா வேலை சரியில்லன்னு வேற ஒரு மெக்கானிக்கோட எழுத்து வேணும். அதுக்கு அவர் தொறக்குறப்ப வீடியோ எடுங்க, எதையும் சரி பண்றதுக்கு முன்னாடி என்ன பாத்தார்னு அவர் கடை லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி வாங்குங்க. தயங்குவாங்க, ஒரே தொழில்ல இன்னொருத்தர குத்தம் சொல்ல யாருக்கும் மனசு வராது. ‘யார் தப்புன்னு எழுத வேணாம் அண்ணே, உள்ள என்ன இருந்துச்சுன்னு மட்டும் எழுதுங்க’ன்னு கேட்டா எழுதித் தருவாங்க. எனக்கு அப்படித்தான் கிடைச்சது.

கடைசியில எனக்கு என்ன கிடைச்சதுன்னா, அந்த கடிதம் போய் ஒன்பதாவது நாள் ஓனரே போன் பண்ணி வரச் சொன்னார். 2,000 ரூபா திருப்பித் தந்தார். பாலிஷ் பத்தி பேசவே முடியல, ஏன்னா முன்னாடி எடுத்த போட்டோ என்கிட்ட இல்ல, பழைய கல்யாண ஆல்பத்துல அப்பா கையில தெரியிற வாட்ச காட்டுனேன், அவரும் பாத்தார், அதுல ஓரம் எங்க தெரியுதுன்னார். மீதி 1,800க்காக ஆணையத்துக்கு போகலாமான்னு அப்பாவ கேட்டேன், வேணாம்மா ஓடுனா போதும்னுட்டார்.

தஞ்சாவூர் மெக்கானிக் முழுசா பிரிச்சு திரும்ப பண்ணார், 12 நாள்ல குடுத்தார், இப்ப நாளைக்கு 12 செகண்ட் ஃபாஸ்ட். என்ன செஞ்சார், என்ன தேதி, எந்த வாஷர் மாத்துனார், டைம்கிராஃபர் போட்டோ, எல்லாத்தையும் ஒரே தாள்ல எழுதி வாட்ச் டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன், நீங்களும் அப்படி ஒண்ணு வச்சிருங்க, அஞ்சு வருஷம் கழிச்சு அடுத்த சர்வீஸுக்கு போறப்ப சீட்டுல எழுத வேண்டியதெல்லாம் அதுலயே இருக்கும்.